தாள் கனத்தில் ஒரு பதக்கம்

பீஜிங், 2008 ஆகஸ்ட் 11. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றுக்கு முன் அபிநவ் பிந்த்ரா சரிபார்க்கச் சுட்ட முதல் குண்டு 4 புள்ளி வளையத்தில் போய் விழுந்தது. சற்று முன்புதான் தகுதிச் சுற்றில் 600க்கு 596 எடுத்திருந்தார். அதே ரைஃபிள், அதே கைகள். ஆனால் பின்பக்க சைட் இடம் மாறியிருந்தது. யாரோ கை வைத்திருக்க வேண்டும் என்பது பிந்த்ராவின் சந்தேகம். கிடைத்த சில நிமிடங்களில் சைட்டைத் திருகிச் சரிசெய்தார். கடைசிக் குண்டு 10.8. 0.8 புள்ளி வித்தியாசத்தில் தங்கம்.

சைட் எவ்வளவு நகர்ந்திருந்தால் குண்டு நாலுக்குப் போகும்? முன், பின் சைட்டுகளுக்கு இடையே சுமார் 80 செ.மீ. இலக்கு 10 மீட்டரில். பின் சைட் 0.1 மி.மீ. நகர்ந்தால் (ஒரு வெள்ளைத் தாளின் கனம்) குண்டு 1.25 மி.மீ. விலகும். அதாவது அரைப் புள்ளி போச்சு. நான்காவது வளையத்துக்குப் போக ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் போதும்.

ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது குழலைப் பற்றி. தவறில்லை. ஆனால் அந்தக் குழலின் அடி செருகியிருக்கும் உலோகப் பெட்டியை, அதாவது ரிசீவரை, அதிகம் பேர் கவனிப்பதில்லை. குழல், சைட், தோளில் பதியும் கட்டை மூன்றும் சந்திக்கும் இடம் அதுதான். குழல் கோணலாக அமர்ந்திருந்தாலோ, சைட் ஏறும் தண்டவாளம் தேய்ந்திருந்தாலோ எந்தப் பயிற்சியாளராலும் உதவ முடியாது.

அமெரிக்காவில் இது ஒரு தனிப் பொழுதுபோக்கு. மத்திய சட்டப்படி அங்கே ஏ.ஆர். ரக ரைஃபிளில் வரிசை எண் பொறித்து துப்பாக்கியாகக் கருதப்படுவது கீழ் ரிசீவர் மட்டுமே. மேல் ரிசீவர் வெறும் உதிரிபாகம். சுவர் கனமானதா, முகப்பு செங்குத்தாகக் கடையப்பட்டதா, குழல் இறுக்கமாக நுழைகிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். இந்தியாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்தி. உரிமம் இல்லாமல் லேத் பட்டறையில் ஒன்றைக் கடைந்தால் போக வேண்டியது ஜெயிலுக்கு.

ஆகவே இங்கே தேர்வு என்பது முழு ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பதுதான். பெரும்பாலும் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ் என்று ஜெர்மன் பெயர்கள். விலை லட்சங்களில். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் சீனியர்கள் கைமாற்றிவிடும் பழைய ரைஃபிளில்தான் தொடங்குகிறார்கள். தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஏமாறுவதும் இங்கேதான். ஒரு எளிய சோதனை உண்டு. ஐந்து குண்டு சுட்டுவிட்டு, சைட்டைக் கழற்றி அதே குறியில் மறுபடி பொருத்தி, இன்னும் ஐந்து சுட வேண்டும். இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லையென்றால் பேரம் பேசுவதை நிறுத்திவிடலாம்.

மரக்கட்டை ரைஃபிள் என்றால் மழைக்காலம் வேறு. ஈரத்தில் மரம் ஊதும், ரிசீவரைப் பிடித்திருக்கும் திருகுகளின் இறுக்கம் மாறும், நேற்று பத்தில் விழுந்தது இன்று ஒன்பதில் விழும். அலுமினியக் கட்டைகள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். திருகை அளவு காட்டும் ஸ்பானரால் ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் முடுக்குகிறவர்கள் உண்டு. பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

எட்டு ஆண்டு கழித்து, 2016இல் ரியோவில், போட்டிக்கு முன் பிந்த்ராவின் ரைஃபிள் விழுந்து சைட் உடைந்தது. வேறு சைட் பொருத்திக்கொண்டு சுட்டார். இறுதிச் சுற்றில் அவரும் உக்ரைனின் செர்ஹி குலிஷும் 163.8இல் சமம். ஒரே ஒரு குண்டில் தீர்மானம். குலிஷ் 10.5, பிந்த்ரா 10.0. நான்காவது இடம். உடைந்த சைட்டுக்கும் அந்த அரைப் புள்ளிக்கும் சம்பந்தம் உண்டா என்று யாராலும் சொல்ல முடியாது. அரைப் புள்ளி என்பது அதே ஒரு தாளின் கனம்தான்.