காவியைக் களையாத பேராசிரியர்

இறையழைப்பை ஏற்றபின் உலகப் பதவியில் அமர்வது பின்வாங்கலா? வரிப்பத்தான்சேனையில் பாங்கொலி கேட்டு வளர்ந்த எனக்கு, இவ்வினாவுக்கு விடையாகத் தோன்றுபவர் எமது கரையோரத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரே.

லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். (எம்மவர் ஓர் இடமாற்றத்துக்கே அமைச்சர் வாசலில் நிற்கின்றனர்!) அவரோ அனைத்தையும் துறந்து, 1924இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் காவி ஏற்றார்.

துறந்தவரைப் பதவிகள் தேடிவந்தன. 1931இல் அண்ணாமலையிலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார், காவியைக் களையவில்லை. இதனைப் பின்வாங்கல் என்போருடன் நான் உடன்படேன். கற்பித்தலே அவருக்கு வந்த அழைப்பு. 1947 யூனில் யாழ்நூல் அரங்கேறியது. யூலை 19இல் காலமானார். கல்லடியில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.