நம்ம வாத்தியார் எழுதிய புத்தகம் எங்கே?

மதுரை கே.கே. நகர் போன்ற குடியிருப்புகளில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதென்று முடிவானால், பாத்திரம் பண்டம் ஒரு பக்கம் போகும், கட்டிலும் பீரோவும் ஒரு பக்கம் போகும். கடைசியில் எஞ்சி நிற்பது புத்தக அலமாரி. வீட்டுப் பெரியவர் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ வேலை பார்த்தவர் என்றால், அவரே எழுதிய புத்தகமும் அதில் நாலைந்து பிரதி இருக்கும். பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். மற்றவை பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறும்.

அந்தப் புத்தகம் வேறு எங்கேயாவது இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் இருப்பதில்லை. கைக்காசைப் போட்டு ஐந்நூறு, ஆயிரம் பிரதி அச்சடித்து, பாதியை நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் கொடுத்திருப்பார். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூலை வெளியிடுபவர் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் தன் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாக அச்சடிக்கும் ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியும்?

சரி, அவர் முப்பது வருஷம் வேலை பார்த்த இடத்து நூலகத்திலாவது இருக்குமா? இருக்கலாம். ஆனால் தேடி எடுப்பது சிரமம். நூலகங்கள் புத்தகங்களைப் பொருள்வாரியாகத்தான் அடுக்கும். பரவலாக உள்ள டூயி தசமப் பகுப்பில் இயற்பியல் 530-க்குப் போகும், தாவரவியல் 580-க்குப் போகும், தமிழ் இலக்கியம் 894.811-க்குப் போகும். ஒரே கல்லூரியில் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்து எழுதியவர்களின் நூல்கள் மூன்று மூலைக்குப் பிரிந்துவிடும். பாட வாசிப்புக்கு இதுதான் சரியான முறை. ‘இந்த நிறுவனம் ஐம்பது வருஷத்தில் என்ன எழுதியது?’ என்று கேட்பவருக்கு மட்டும் அதில் பதில் கிடைக்காது.

அதற்காகத்தான் உலகின் பல பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் ஆசிரியர்களும் ஊழியர்களும் எழுதியவற்றைத் தனித் தொகுப்பாக வைக்கின்றன. இப்போது அது கணினிக்கும் வந்துவிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளுக்கென 2002-லேயே மின்சேகரம் தொடங்கியது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், கலை அறிவியல் பிரிவு ஆசிரியர்கள் தங்கள் கட்டுரைகளின் பிரதியைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுப்பதென்று 2008-ல் வாக்களித்து முடிவு செய்தார்கள்.

மதுரைக்கு இப்படி ஒரு தொகுப்பு பொருந்துவதைப்போல வேறு ஊருக்குப் பொருந்துமா என்பது சந்தேகமே. 1966-ல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் (இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம்) முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். பல்கலைக்கழக நூலகம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவருக்குப் பின் 1971-ல் வந்தவர் மு. வரதராசனார். தாலுகா அலுவலக எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கி, ‘அகல் விளக்கு’ நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது பெற்றவர். இவருடைய திருக்குறள் தெளிவுரை இல்லாத தமிழ் வீடு குறைவு. பின்னால் வந்த துணைவேந்தர்களில் ‘தமிழ்க் காதல்’ எழுதிய வ.சுப. மாணிக்கனாரும் ஒருவர். நகருக்குள் வந்தால் தியாகராசர் கல்லூரி. புறநானூறு, நற்றிணை போன்ற சங்க நூல்களுக்கு உரை கண்ட ஔவை துரைசாமிப் பிள்ளையும், தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் தந்த சி. இலக்குவனாரும் அங்கே ஆசிரியர்களாக இருந்தவர்கள்.

இவர்கள் நூல்களுக்கெல்லாம் ஆபத்தில்லை. மறுபதிப்பு வருகிறது, இணையத்தில் கிடைக்கிறது. கவலை மற்றவர்களைப் பற்றித்தான். வைகைக் கரைச் செடிகளைப் பற்றி எழுதி வைத்த தாவரவியல் ஆசிரியர், சொந்த ஊர்க் கோயில் வரலாற்றைச் சிறு நூலாகப் போட்ட அலுவலகக் கண்காணிப்பாளர், கவிதைத் தொகுப்பு ஒன்றே ஒன்று வெளியிட்ட ஆய்வக உதவியாளர் என்று ஒவ்வொரு கல்லூரியிலும் சிலர் இருப்பார்கள். அவர்கள் எழுதியதற்கு மறுபதிப்பு கிடையாது.

‘ஊழியர் எழுதியதையுமா சேர்ப்பது?’ என்று சிலர் முகம் சுளிக்கலாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியர் வேலையை விட்டு 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலகத் துறை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நூலகத்துக்குள் வேலை பார்த்தவர் எழுதிய புத்தகம் அது.

அச்சுக்கு வருகிறதா இல்லையா என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கும் மதுரையிலேயே நல்ல உதாரணம் உண்டு. தொ. பரமசிவன் அழகர்கோயிலைப் பற்றிச் செய்த முனைவர் பட்ட ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகமே 1989-ல் நூலாக வெளியிட்டது. கோயிலைச் சுற்றியுள்ள நாட்டுப்புற மக்களுக்கும் கள்ளழகருக்கும் உள்ள உறவைப் பேசிய அந்த நூல், சித்திரைத் திருவிழாவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் தேடிப் போகும் நூலாகிவிட்டது. தட்டச்சுப் பிரதியாகவே அலமாரியில் இருந்திருந்தால் எத்தனை பேர் கையில் எடுத்திருப்பார்கள்? 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிக்குப் பிறகு ஆய்வேடுகளின் மின்பிரதி ‘சோத்கங்கா’ தளத்தில் சேர்கிறது. அதற்கு முந்தைய ஆய்வேடுகள் பல, இன்னும் காலிகோ அட்டைக்குள் காகிதமாகத்தான் இருக்கின்றன.

இந்தத் தொகுப்பை உருவாக்கத் தனிக் கட்டடம் வேண்டாம். இரண்டு பீரோவும் ஒரு பொறுப்பாளரும் போதும். ஒரு பிரதி வெளியே போகக்கூடாது, உட்கார்ந்து படிக்க மட்டும். இன்னொரு பிரதி வழக்கம்போலப் பொருள்வாரி அடுக்கில் இரவலுக்கு. பட்டியலில் பெயரைச் சீராக எழுதுவது முக்கியம். மு.வ., மு. வரதராசன், மு. வரதராசனார் என்று மூன்று விதமாகப் பதிந்தால் கணினி அவரை மூன்று பேராக்கிவிடும். மு.வ.வுக்கே இந்த நிலை என்றால், ஒரே ஒரு புத்தகம் எழுதியவர் காணாமலே போய்விடுவார்.

தரம் பார்த்துச் சேர்க்க வேண்டாமா? பதவி உயர்வு மதிப்பெண்ணுக்காக அவசரமாக அச்சான புத்தகங்களும் உள்ளே வந்துவிடுமே? வரட்டும். நிறுவனத்தின் நினைவு என்றால் நல்லதும் சுமாரும் சேர்ந்துதான் இருக்கும். எது நல்லது என்று பின்னால் வருகிறவர் தீர்மானிப்பார். அவர் தீர்மானிக்க அந்தப் புத்தகம் இருக்க வேண்டும் அல்லவா?

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. அப்பாவோ அம்மாவோ மாமனாரோ எழுதிய புத்தகம் இருந்தால், இரண்டு பிரதியை அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் நூலகருக்குக் கடிதத்தோடு கொடுங்கள். அவருடைய முழுப்பெயர், எழுதிய வேறு பெயர்கள், எந்தத் துறை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை வேலை பார்த்தார் என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். சேர்க்கைப் பதிவேட்டு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எண் ஏறாத புத்தகம், நூலகத்தின் மூலையில் மூட்டையாகத்தான் கிடக்கும். இன்னொரு பிரதியை ஊர்ப் பொது நூலகத்துக்குக் கொடுக்கலாம். கையெழுத்துப் பிரதியாக நின்றுபோனது இருந்தால், செல்போனிலாவது பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.

பெரியவர் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்வது இன்னும் நல்லது. எந்தப் புத்தகத்தை எந்த வருஷம் எழுதினார், ஏன் எழுதினார், அணிந்துரை கொடுத்தவர் யார் என்பதையெல்லாம் அவரே சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.