எரிந்தது வானூர்தி, எரியாதது ஐயம்!

1945 ஆகத்து 18. அன்று சப்பானின் ஆட்சியிலிருந்த தைவான் தீவின் தைகோகு தளத்தினின்று எழுந்த குண்டுவீச்சு வானூர்தியொன்று உடனே வீழ்ந்து எரிந்தது; அதிற் சென்ற நேதாசி சுபாசு சந்திரபோசு தீப்புண்பட்டு, அன்றிரவே படை மருத்துவமனையில் உயிர்நீத்தார். இது சப்பான் அறிவித்த செய்தி. அறிவித்ததோ ஐந்து நாள் கழித்து! ஐயம் அன்றே முளைத்தது.

முளைத்த ஐயத்தைக் களைய வேண்டிய தில்லி அரசு செய்தது என்ன? 1956-இல் சாநவாசுகான் தலைமையில் மூவர் குழுவை அமர்த்தியது. இருவர், நேதாசி இறந்தார் என்றனர். மூன்றாமவரும் நேதாசியின் தமையனாருமான சுரேசு சந்திரபோசு அதனை ஒப்பாது தனியறிக்கை எழுதினார். 1970-இல் அமைந்த கோசுலா ஆணையமும் இறப்பையே உறுதி செய்தது. 1999-இல் அமைந்த முகர்சி ஆணையமோ, அவர் வானூர்தி வீழ்ச்சியில் இறக்கவில்லை என்றும், தோக்கியோவின் இரெங்கோசிக் கோயிலிலுள்ள சாம்பல் அவருடையதன்று என்றும் 2005-இல் முடிவு கூறியது. தானே அமர்த்திய ஆணையத்தின் அம்முடிவை 2006-இல் நடுவண் அரசே ஏற்க மறுத்தது! பின் உசாவல் எதற்கு? ஆணையம் எதற்கு?

கொடுமை இதனோடு முடியவில்லை. விடுதலை பெற்ற நாட்டின் உளவுத்துறை, 1948 முதல் 1968 வரை நேதாசியின் குடும்பத்தாரை வேவு பார்த்தது. அவர்தம் மடல்களைப் பிரித்துப் படித்தது. இச்செய்தி 2015-இலேதான் மக்களுக்குத் தெரியவந்தது. அவ்வாண்டு மேற்கு வங்க அரசு 64 கோப்புகளையும், 2016-இல் நடுவண் அரசு 100 கோப்புகளையும் வெளியிட்டன. எழுபதாண்டுக் கமுக்கம் யாரைக் காக்க?

மலேயாவின் பால்மரக் காடுகளில் உழைத்த தமிழர் ஆயிரமாயிரவர் அவர் படையிற் சேர்ந்தனர். நேதாசி இறந்திலர் என்று மேடைகளில் முழங்கினார் பசும்பொன் முத்துராமலிங்கர். அந்நம்பிக்கை பிழையாகவும் இருக்கலாம். தைகோகுவிலேயே அவர் மாண்டார் என்பதே மெய்யாகவும் இருக்கலாம். மெய்யெனின் அதற்குத் திரை எதற்கு? மறைக்கப்பட்ட மெய்யும் பொய்போலவே தோன்றும். கட்டுக்கதைகளுக்கு எருவிட்டது அரசின் வாய்மூடலே!

வழி எளிது. சாம்பலோடுள்ள எலும்புத் துண்டுகளை மரபணு ஆய்வுக்கு உட்படுத்துக என்று நேதாசியின் மகளாரே கேட்டுள்ளார். பெற்ற மகள் கேட்கும் விடையைத் தர மறுக்கும் அரசுக்கு, அவர் சிலைக்கு மாலையிட என்ன தகுதி உண்டு? சிலை வேண்டா, உண்மை வேண்டும்!