உறுதிமொழிக்குப் போகும் முன் உங்கள் பெயரை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம்தான். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள். இங்கே ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும் கடைசியில் ஒரு விஷயம் இருக்கிறது.

என்னிடம் படித்த மூன்று பேர் இந்த வருடம் அங்கே குடியுரிமை வாங்குகிறார்கள். மூன்று பேரும் வாட்ஸப்பில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "டீச்சர், உறுதிமொழி விழாவுக்கு உங்க பொண்ணு என்னென்ன பேப்பர் எடுத்துட்டுப் போனா?" என் மகள் இரண்டு வருடத்துக்கு முன்னால் உறுதிமொழி எடுத்தவள். அவளுக்கு வந்த கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசிக்கச் சொல்லிக் கேட்டவள் நான். பரீட்சைக்கு முன்னால் வினாத்தாளை முழுவதும் படி என்று முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

எடுத்துப் போக வேண்டியவை கொஞ்சம்தான். விழாவுக்கு அழைத்து வரும் கடிதம், அதாவது என்-445 படிவம். கிரீன் கார்டு. மறுநுழைவு அனுமதி மாதிரி குடிவரவுத் துறை கொடுத்த வேறு தாள்கள் இருந்தால் அவையும். கூட ஓட்டுநர் உரிமம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், திரும்பத் தர மாட்டார்கள். அது தொலைந்து போயிருந்தால் நேர்காணலிலேயே அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். விழா அன்றைக்குக் காலையில் வீட்டைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் சில கேள்விகள் இருக்கும். நேர்காணலுக்குப் பிறகு கல்யாணம், விவாகரத்து ஏதாவது நடந்ததா, வெளிநாடு போனீர்களா, சட்டத்தை மீறி அபராதம் கட்டினீர்களா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். வேகமாகக் கார் ஓட்டி வாங்கிய அபராதச் சீட்டும் இதில் சேர்த்தி. கடிதம் வந்த அன்றே உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று நிரப்பி உறையில் போட்டு வைத்துவிடாதீர்கள். விழா நாளில் நிரப்ப வேண்டிய பக்கம் அது. நடுவில் தீபாவளிக்கு ஊருக்கு வந்து போயிருந்தால், போன தேதியும் திரும்பிய தேதியும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். அபராதம் கட்டிய ரசீதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் விஷயம் இவ்வளவுதான். நம்ம பிள்ளைகள் பேப்பர் இல்லாமல் மாட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. பேப்பரில் இருக்கும் பெயரால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் நம் பெயர். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் மு.செல்வி என்றிருந்தால் அந்த ஊரில் யாருக்கும் குழப்பமில்லை. பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. ஏஜெண்ட் ஒருவர் முதலெழுத்தை விரித்து முருகேசன் என்று குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுவார். இன்னொருவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் என்ன வரும் தெரியுமா? உள்ள ஒரே பெயர் குடும்பப்பெயர் ஆகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ என்று மூன்று எழுத்து. "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதையே பெயர் என்று நினைத்து "ஃபனு, ஃபனு" என்று கூப்பிட, நம்ம பிள்ளை யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருக்கும். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்துப் பதினைந்து வருடம் அந்தப் பெயரோடு வாழ்ந்துவிட்டு, கடைசியில் அதையே குடியுரிமைச் சான்றிதழிலும் ஏற்றிக்கொள்வது என்ன நியாயம்?

அங்கே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் என்-400 படிவத்திலேயே, பெயரை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. ஆம் என்று எழுதினால், நீதிமன்றத்தில் நடக்கும் உறுதிமொழி விழாவில் நீதிபதியே மாற்றித் தருவார். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: குடிவரவுத் துறை தானே நடத்தும் விழாவில் இதைச் செய்ய முடியாது, நீதிபதி வேண்டும். சில ஊர்களில் அதற்காகக் கூடுதலாகக் காத்திருக்க நேரிடும். காத்திருங்கள் என்பதுதான் என் கருத்து. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் பாஸ்போர்ட், சமூகப் பாதுகாப்புப் பதிவு, வாக்காளர் பதிவு எல்லாம் நடக்கும். உங்கள் பிள்ளைகளின் பெயர் எப்படித் தொடரும் என்பதும் அதைப் பார்த்துத்தான். அதற்குச் சில மாதம் பெரிதில்லை.

அப்பா பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. "ஆபீஸ்ல எல்லாரும் அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க, அவர் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு டீச்சர்" என்று ஒருத்தி சொன்னாள். அவள் யோசித்து வைத்துக்கொண்ட பெயர் அது. யாரோ ஒரு ஏஜெண்ட் அவசரத்தில் நிரப்பிய கட்டத்துக்காக ஆயுசுக்கும் ஒரு பெயரைச் சுமப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. குடியுரிமை நேரத்தில் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள் என்று மாமியார் வீட்டில் சொல்வார்கள். விமான நிலையத்தில் அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஒரே குடும்பப்பெயர் இருந்தால் கேள்வி குறையும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனாலும் படித்த பெயரை மாற்றாதீர்கள் என்றே சொல்வேன். என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழிலும் பணிப்பதிவேட்டிலும் என் அப்பாவின் முதலெழுத்து. ரேஷன் கார்டில் கணவரின் முதலெழுத்து. ஓய்வு பெற்ற பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று கேட்டார்கள். அதற்காக நான் ஓர் அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் எனக்குச் சம்பளம் கொடுத்த அரசாங்கத்துக்கே நான் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எனக்காவது அந்த அலுவலகம் பஸ் ஏறினால் வந்துவிடும். கடல் தாண்டி இருக்கிற பிள்ளை என்ன செய்யும்? எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்தால், நீதிமன்ற ஆணையைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் டிகிரிச் சான்றிதழ் பழைய பெயரில்தானே இருக்கும்.

பிறந்த தேதியும் இப்படித்தான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று ஒன்றாம் வகுப்பில் சேர்த்த காலம் ஒன்று இருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதால், பிறந்தது எப்போது என்றே தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிடுவார்கள். பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினால் பாதி ஊர் ஒரே நாளில் பிறந்த மாதிரி இருக்கும். அந்தத் தேதியே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் போய், பாஸ்போர்ட்டுக்குப் போய், கிரீன் கார்டுக்கும் போயிருக்கும். நீங்கள் சத்தியம் செய்து கொடுத்த தேதி சான்றிதழில் ஏறிவிட்டால், பிறகு அசல் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர்கள் மாற்றித் தர மாட்டார்கள். எல்லாத் தாளிலும் ஒரே தேதிதான் இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள், அதுவே உங்கள் தேதி. ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால், நேர்காணலுக்குப் போகும் முன்பே வக்கீலிடம் காட்டுங்கள்.

விழாவில் சான்றிதழைக் கையில் கொடுத்ததும் எல்லோரும் கொடியோடு போட்டோ எடுக்க ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். அங்கேயே ஓரமாக நின்று பெயரின் ஒவ்வொரு எழுத்தையும், பிறந்த தேதியையும் விரல் வைத்து வாசியுங்கள். தப்பு இருந்தால் வெளியே வருவதற்கு முன்னால் அதிகாரியிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு என்றால் தனிப் படிவம், மாதக்கணக்கில் காத்திருப்பு. அவர்கள் செய்த தப்புக்குப் பணம் கேட்க மாட்டார்கள். தொலைத்துவிட்டு வேறு சான்றிதழ் வேண்டுமென்றால் ஐந்நூறு டாலருக்கு மேல் ஆகும். இன்னொன்று, லேமினேட் செய்யாதீர்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பழகிய கைக்கு எதைப் பார்த்தாலும் லேமினேட் செய்யத் தோன்றும்.

இனி ஊரில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் அத்தைமார்களுக்கும்.

உறுதிமொழி எடுத்த பிறகும் அந்தப் பிள்ளையின் பையில் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும். விழாவில் யாரும் அதை வாங்கிக்கொள்வதில்லை. தேதியும் பாக்கி இருக்கும். ஆனால் அது செல்லாது. நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை இல்லை. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதும் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது என்று 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் அபராதம். முதலில் குடியுரிமைச் சான்றிதழின் அசலை அனுப்பி அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். அதன் பிறகு ஓ.சி.ஐ. அட்டையோ விசாவோ எடுத்துத்தான் விமானம் ஏற முடியும். அவசரத்துக்குச் சீக்கிரம் தருகிற ஏற்பாடுகள் இருக்கின்றன. இருந்தாலும் நாளைக்கே கிளம்பு என்றால் நாளைக்கே கிளம்ப முடியாது.

அதனால் பெண் பார்த்தாச்சு, நிச்சயதார்த்தம் வைத்தாச்சு, குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் இந்த மாதம், நீ வந்தே ஆக வேண்டும் என்று போனில் அழுத்தாதீர்கள். வர முடியவில்லை என்றதும் குடும்பக் குரூப்பில் "சத்தியம் பண்ணிட்டு நாட்டை மறந்துட்டாங்க" என்று எழுதுகிறீர்கள். போன மாதம் ஒருவர் எழுதியதைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. ஓட்டுரிமை போகிறது, இனி விவசாய நிலம் வாங்க முடியாது என்று தெரிந்துதான் அந்தப் பிள்ளை கை தூக்கி நிற்கிறது. அன்றைக்கு ராத்திரி அது தூங்கியிருக்காது என்பது உங்களுக்குத் தெரியாது. என் மகள் தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

விசேஷம் வைக்கிறவர்கள் தேதி குறிப்பதற்கு முன்னால், "உறுதிமொழி எப்போ, பாஸ்போர்ட் எப்போ கைக்கு வரும்?" என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆவணி முகூர்த்தம் தள்ளிப்போனால் தை மாதத்தில் நிறைய முகூர்த்தம் இருக்கிறது.