வாசகர் சொல்லும் பட்டியலில் ஏறட்டும்

வெல்டிங் கற்க நூல் தேடி நூலகத்துக்கு வரும் தொழிலாளி, அந்தச் சொல்லைத்தான் கேட்பார். பட்டியலிலோ ‘பற்றவைப்பு’ என்றிருக்கும். டூயி பகுப்பு முறையில் அது 671.52 என்ற எண்ணுக்குள் அடங்கிவிடும். நூல் அலமாரியில் இருந்தும் அவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். பெங்களூர் போன்ற வெளிமாநில நகரங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. தமிழ் நூலின் பெயரைக் கணிப்பொறியில் ஆங்கில எழுத்தில் பதிந்துவிட்டால், ழகரத்தை எப்படி எழுதினார்கள் என்று ஊகித்தாலன்றி நூல் அகப்படாது.

இதற்கு எளிய வழி, நூலின் பதிவில் வாசகரே தமக்குத் தெரிந்த சொல்லைச் சேர்க்க இடம் தருவதாகும். குறிச்சொல் என்று இதற்குப் பெயர். இணையப் பக்கங்களுக்கு இவ்வாறு குறியிட்டுப் பிறரோடு பகிரும் வழக்கத்தை 2003இல் தோன்றிய டெலிஷியஸ் தளம் பரப்பிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் தன் பழைய புகைப்படங்களை ஃபிளிக்கர் தளத்தில் மக்கள் முன் வைத்தது. அவ்வாண்டு அக்டோபருக்குள் 2,518 பேர் 67,176 குறிச்சொற்களைச் சேர்த்தனர். மக்கள் தந்த தகவலால் 500க்கும் மேற்பட்ட பதிவுகள் செம்மை பெற்றன. தகாதவை என நீக்க நேர்ந்தவை 25க்கும் குறைவே. பொதுமக்கள் கையில் கொடுத்தால் குப்பை சேரும் என அஞ்சுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

குறைகள் இல்லாமலில்லை. ‘பிறகு படிக்க’ என்று ஒருவர் இடும் குறி அடுத்தவருக்கு உதவாது. ஒரே பொருளைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவர். ஆகவே பகுப்பு எண்ணும் இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் இதுவும் நிற்கட்டும். குறிச்சொற்களை வெளியார் தளத்தில் சேர்த்து வைப்பதும் ஆபத்தே. டெலிஷியஸ் பல கை மாறி, 2017இல் புதுக் குறிப்புகளை ஏற்பதையே நிறுத்திவிட்டது. விலையின்றிக் கிடைக்கும் கோஹா மென்பொருளில் நூலகத்தின் சொந்தப் பட்டியலிலேயே இதற்கு வசதி உண்டு. நூலகர் பார்த்து ஒப்பிய பின்னரே சொல் வெளியில் தெரியும்படியும் செய்யலாம்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரம் வீணாகக் கூடாதென்பது. அவர் 1962இல் ஆவண ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவியதும், 1972இல் மறைந்ததும் பெங்களூரில்தான். கர்நாடகத்தில் 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஒண்டுக் குடித்தனக்காரர் தரும் வாடகையிலும் அது அடக்கம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் எழுத்தில் பதிவும், குறிச்சொல்லுக்கு இடமும் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. வாரம் ஒரு மாலை வாசகர் சிலரை அழைத்து, தமிழ் அலமாரியிலுள்ள நூல்களுக்குக் குறிச்சொல் எழுதச் செய்தாலே வேலை தொடங்கிவிடும். தமிழ்ச் சங்க நூலகங்கள் இதை முதலில் செய்து காட்டலாம்.