வானத்தைப் பார்க்கும் பிள்ளை



என் தங்கையின் மகனுக்கு வயது பதினான்கு. யாழ்ப்பாணத்தில் படிக்கிறான். சென்ற விடுமுறையில் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பாடக்குறிப்பாக்கும் என்று விரித்துப் பார்த்தால், திகதி, நேரம், விமானத்தின் வகை, அதன் உடலில் எழுதியிருக்கும் எழுத்து என்று கோடு போட்டு நிரப்பியிருக்கிறான். ‘4ஆர்’ என்று தொடங்கினால் நம் நாட்டு விமானமாம். ‘வி.டி.’ என்றால் இந்திய விமானமாம்.

“பலாலி வேலிக்குக் கிட்டப் போய் நின்று போட்டோ எடுக்கணும் மாமா. உம்மா விடுறா இல்ல. நீங்க சொல்லுங்க.”

அடுப்படியிலிருந்து தங்கையின் குரல் வந்தது: “நீங்களும் சேர்ந்து செல்லம் குடுக்காதீங்க நானா.”

இப்படி விமானம் பார்ப்பது உலகில் பலருக்குப் பெரிய பொழுதுபோக்கு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் பொதுமக்களே வானத்தைப் பார்த்து, இது நம் விமானமா எதிரியின் விமானமா என்று அடையாளம் கண்டு அறிவித்தார்கள். போர் முடிந்த பின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை. இன்று கமராவும் கையுமாக விமான நிலைய வேலிகளின் ஓரம் நாள் முழுக்க நிற்பவர்கள் இருக்கிறார்கள். வழக்கமாக வராத ஒரு விமானம் வந்துவிட்டால் அவர்களுக்கு அன்று பெருநாள்தான்!

நம் குடாநாட்டுப் பிள்ளைகளும் ஒரு காலத்தில் இதில் கெட்டிக்காரராக இருந்தோம். ஆனால் அது பொழுதுபோக்கல்ல. சத்தத்தைக் கேட்டே ஹெலியா, பொம்பரா, அவ்ரோவா என்று சொல்லிவிடுவோம். தப்பாகச் சொன்னால் பதுங்குகுழிக்குள் ஓடத் தாமதமாகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

1987 யூன் 4ஆம் திகதி எனக்கு எட்டு வயது. முதல் நாள் இந்தியாவிலிருந்து நிவாரணப் பொருட்களுடன் வந்த படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. மறுநாள் பின்னேரம் கேட்ட இரைச்சல் நாங்கள் பழகிய எந்தச் சத்தத்தோடும் சேரவில்லை. ஐந்து அன்டனோவ்-32 விமானங்கள், காவலுக்கு மிராஜ்-2000 போர் விமானங்கள். குண்டுதான் என்று நினைத்து வாப்பா எங்களைக் கீழே தள்ளினார். வானத்திலிருந்து இறங்கியதோ குடைகள்! ஏறக்குறைய 25 தொன் உணவும் மருந்தும் அன்று போடப்பட்டதாகப் பின்னர் அறிந்தோம். அந்த விமானங்களில் பத்திரிகையாளர்களும் வந்திருந்தார்கள். மேலேயிருந்து அவர்கள் படம் எடுத்தார்கள். கீழே நின்ற எங்களிடம் கமரா ஏது?

பலாலிக்கு இதைவிடப் பழைய, நல்ல கதையும் உண்டு. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம் அது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. பிறகு யுத்தம் வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதால், அதற்குப் பின் பலாலியில் நடந்தவற்றைப் புத்தளத்து அகதி முகாமிலிருந்து வானொலியில்தான் கேட்டோம். 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாட்களில் இரண்டு அவ்ரோக்கள் அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டன. 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் விமானம் 55 பேருடன் மன்னார்க் கடலில் விழுந்தது. தங்கையின் பயத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருமகனின் வானம் வேறு. 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்திறங்கிய ஏ.ரி.ஆர். 72 ரக விமானம்தான் அவனுக்குத் தெரிந்த பலாலி. இறக்கை மேலே, விசிறி இரண்டு, குறுகிய ஓடுபாதை போதும் என்று என்னிடம் அவன் பாடம் நடத்தினான்.

நான் அவனுக்குக் கிரேக்க நாட்டுச் சம்பவத்தைச் சொன்னேன். 2001 நவம்பரில் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் விமானங்களைக் குறித்துக்கொண்ட 12 பிரித்தானியரும் 2 டச்சுக்காரரும் உளவாளிகள் என்று கைதானார்கள். அவர்களிடம் அகப்பட்டதும் இவன் வைத்திருப்பது போன்ற கொப்பிகள்தாம். வாரக்கணக்கில் சிறை. 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு மூன்று வருடம், ஆறு பேருக்கு ஒரு வருடம் என்று தண்டனை. அந்த நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். பலாலியும் படைத்தளம்தான். பல வருடங்களாக மூடிக் கிடந்த வசாவிளான் பக்க வீதியை 2025 ஏப்ரல் 10இல் திறந்துவிட்டபோது, வாகனத்தை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டே திறந்தார்கள்.

ஆகவே வேலிக்குக் கிட்டப் போகவேண்டாம் என்றேன். கொப்பியை நிறுத்தவேண்டாம் என்றும் சொன்னேன். வீட்டு மொட்டை மாடியிலிருந்து பயணிகள் விமானத்தைப் பார்த்து எழுதட்டும். சென்னைக்கு ஒரு முறை அதே விமானத்தில் அழைத்துப் போவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன், செலவை நினைத்தால் தலை சுற்றினாலும்.

அவன் முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கொப்பியின் முதல் பக்கத்துக்குப் போய், மேலே விட்டிருந்த வெற்றிடத்தில் ‘04.06.1987, அன்டனோவ்-32, ஐந்து’ என்று எழுதினான்.

“நேரம் என்ன மாமா?”

எனக்குச் சரியாக நினைவில்லை. அடுப்படியிலிருந்து தங்கை வந்து நின்றாள். அன்று அவளுக்கு நான்கு வயது.

“அஸருக்குப் பாங்கு சொல்லி முடிஞ்சிருந்தது” என்றாள்.

“என்ன எழுத்து எழுதியிருந்தது?”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுத்தை யார் பார்த்தது? குடைகளையல்லவா பார்த்துக்கொண்டிருந்தோம்.