16.25 கோடி கொடுத்தாச்சு... அதுக்காகவே ஆட வைக்கணுமா?



ஐபிஎல் வந்தாலே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சண்டை நிச்சயம். பெரிய விலைக்கு எடுத்த வெளிநாட்டு பிளேயர் ஒருத்தர் மூணு மேட்ச் தொடர்ந்து சொதப்பியிருப்பார். பாதி பேர் "தூக்கி பெஞ்ச்ல உக்கார வைங்கப்பா" என்பார்கள். மீதி பேர் "அத்தனை கோடி கொடுத்துட்டு சும்மா உக்கார வைக்க முடியுமா?" என்பார்கள்.

இந்த இரண்டாவது கூட்டத்தோட வாதம்தான் எனக்குப் பயம். ஏன்னா, இதே வாதத்தை வச்சுதான் நம்மில் பலர் டீமேட் கணக்கையும் நடத்திக்கிட்டு இருக்கோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன்: சீசன் நடக்கும்போது ஒரு பிளேயரை ஆட வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, அவரை வாங்கிய விலையைப் பார்க்கவே கூடாது.

நம்ம சிஎஸ்கேவையே எடுத்துக்குவோம்.

2018 ஏலத்தில் ஷேன் வாட்சனை 4 கோடிக்கு எடுத்தாங்க. அந்த வருஷ ஃபைனல்ல 57 பந்தில் 117 நாட் அவுட். அடுத்த வருஷம் 2019-ல் அதே மனுஷன் முதல் பத்து மேட்ச்ல ஒரு ஐம்பது கூட அடிக்கலை. ஊரே திட்டுச்சு. டீம் மாத்தலை. ஏப்ரல் 23, சேப்பாக்கம், ஹைதராபாத்துக்கு எதிரா 53 பந்தில் 96. மும்பைக்கு எதிரான ஃபைனல்ல, முழங்காலில் ரத்தம் கசியக் கசிய 59 பந்தில் 80. ஒரு ரன்னில் தோத்தோம். ஆனா அந்த ஒரு ரன் வித்தியாசம் வரைக்கும் நம்மளைக் கொண்டு வந்தவர் அவர்தான்.

இப்போ பென் ஸ்டோக்ஸ். 2022 டிசம்பர் ஏலத்தில் 16.25 கோடி. 2023 சீசனில் ஆடியது இரண்டே மேட்ச். ரன் 7, 8. போட்டது ஒரே ஒரு ஓவர். அப்புறம் காயம். அதுக்குள்ள கான்வே, மொயின் அலி, தீக்‌ஷனா, பதிரனா என்று நாலு பேர் செட் ஆகிட்டாங்க. "16 கோடி வீணாப் போகுதே" என்று யாரையும் இறக்கிட்டு ஸ்டோக்ஸை ஏத்தலை. அந்த வருஷம் ஐந்தாவது கோப்பை நமக்கு.

கவனிச்சீங்களா? 4 கோடிக்காரருக்குப் பத்து வாய்ப்பு. 16.25 கோடிக்காரர் பெஞ்ச்சில். விலையைப் பார்த்து முடிவு எடுத்திருந்தா இரண்டும் தலைகீழாத்தான் நடந்திருக்கும்.

அப்போ எதைப் பார்த்தாங்க? எனக்குத் தெரியுறது இரண்டு விஷயம்.

ஒன்று, வாங்கிய காரணம் இன்னும் உயிரோட இருக்கா? வாட்சனை எடுத்தது பெரிய மேட்ச்ல தொடக்கத்திலேயே ஆட்டத்தைத் திருப்புறதுக்கு. ரன் வரலையே தவிர அந்தக் காரணம் அப்படியேதான் இருந்தது. ஸ்டோக்ஸை எடுத்தது ஆல்-ரவுண்டரா. பவுலிங் போட முடியலைன்னா பாதிக் காரணம் அங்கேயே காலி.

இரண்டு, அந்த இடத்துக்கு வேற யார் இருக்காங்க? ஸ்குவாடில் வெளிநாட்டுக்காரர் எட்டு பேர் வரை இருக்கலாம். களத்தில் இறங்கும் பதினோரு பேரில் நாலு பேருக்குத்தான் இடம். ஏலம் முடிஞ்ச அப்புறம் பணம் பிரச்சனையே இல்லை. அந்த நாலு இடம்தான் சொத்து.

நம்ம விருத்தாசலத்துல செராமிக் யூனிட் வச்சிருக்கிறவங்களுக்கு இதைப் பாடமா எடுக்கவே வேண்டாம். பொம்மை காயும்போது விரிசல் விட்டா, தண்ணியில் ஊற வச்சு அதே மண்ணை மறுபடி பிசையலாம். சூளையில் வெந்த பிறகு விரிசல் தெரிஞ்சா அது திரும்ப களிமண் ஆகாது. மண்ணுக்கும் விறகுக்கும் கூலிக்கும் செலவு பண்ணியாச்சுன்னு, விரிஞ்ச ஃபியூஸ் கேரியரைக் கடைக்கு அனுப்ப முடியுமா? வெந்ததுக்குச் செலவான பணம் வெந்து போச்சு. அடுத்த சூளையில் எதை அடுக்கலாம் என்பதுதான் பேச்சு.

ஆனா விலைக்கு ஒரு வேலை இருக்கு. சீசன் முடிஞ்சதும் அது திரும்ப உயிர் பெறும். ஒருத்தரை விடுவிச்சா, அவருக்கான தொகை டீமோட பர்ஸுக்குத் திரும்ப வரும். சிஎஸ்கே 2023 கடைசியில் ஸ்டோக்ஸை விடுவிச்சது. அடுத்த ஏலத்தில் டேரில் மிட்சலை 14 கோடிக்கும் ரச்சின் ரவீந்திராவை 1.8 கோடிக்கும் எடுத்தது. அதாவது "இவரை ஆட வைக்கலாமா?" ஒரு கேள்வி. "அடுத்த வருஷமும் இந்தப் பணத்தை இவர் மேல போடலாமா?" இன்னொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கவே கூடாது.

கொல்கத்தா இதை அழகா பிரிச்சுப் பார்த்தது. மிட்செல் ஸ்டார்க் 24.75 கோடி. 2024-ல் முதல் இரண்டு மேட்ச், 8 ஓவர், 100 ரன், விக்கெட் பூஜ்யம். மீம் போடாத ஆளே இல்லை. ஆனா பெரிய மேட்ச்சில் புதுப் பந்தில் விக்கெட் எடுக்கத்தான் அவரை எடுத்தாங்க. பெரிய மேட்ச்சே இன்னும் வரலையே! முதல் குவாலிஃபையரில் 34 ரன்னுக்கு 3 விக்கெட், ஃபைனலில் 14 ரன்னுக்கு 2 விக்கெட். இரண்டிலும் ஆட்டநாயகன். கோப்பையும் வந்தது. சீசன் முடிஞ்சதும் அதே கொல்கத்தா அவரைத் தக்க வைக்காம ஏலத்துக்கு விட்டது. டெல்லி 11.75 கோடிக்கு எடுத்தது. ஆட வச்சதும் சரி, விட்டதும் சரி.

"சரி, வாட்சன் மாதிரி எல்லாரும் திரும்பி வருவாங்களா?" என்று கேட்பீங்க. வர மாட்டாங்க. மேக்ஸ்வெல் 2020-ல் பஞ்சாபுக்கு 10.75 கோடிக்கு ஆடினார். 13 மேட்ச், 108 ரன், ஒரு சிக்ஸர் கூட இல்லை. விடுவிச்சாங்க. 2021-ல் பெங்களூரு 14.25 கோடிக்கு எடுத்து நாலாவது இடத்தில் ஆட வச்சது. 513 ரன்! ஆள் அதே ஆள்தான். சில சமயம் கோளாறு நாம கொடுத்த இடத்தில் இருக்கும்.

இனி உங்க போர்ட்ஃபோலியோவுக்கு வருவோம்.

500 ரூபாய்க்கு வாங்கிய பங்கு இப்போ 300. "500 வந்ததும் வித்துடுவேன்" என்று காத்திருக்கீங்க. நீங்க 500-க்கு வாங்கினது அந்தப் பங்குக்குத் தெரியாது. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இன்னைக்கு 300 ரூபாய் கையில் இருந்தா இதே பங்கை வாங்குவேனா? "ஆமாம், வாங்கின காரணம் மாறலை" என்றால் அது வாட்சன். விடாதீங்க. "இல்லை" என்றால் அது ஸ்டோக்ஸ். இடத்தைக் காலி பண்ணுங்க. நஷ்டத்தில் விற்றாலும் முழுசா வீண் இல்லை. அந்த மூலதன நஷ்டத்தை லாபத்தோடு கழிச்சுக்கலாம். ரிட்டர்னை நேரத்துக்குத் தாக்கல் செய்தா, மிச்சத்தை 8 வருஷம் வரை எடுத்துட்டுப் போகலாம்.

ஒரு வருஷம் பின்தங்கின ஃபண்டை உடனே நிறுத்தாதீங்க. அதே வகை ஃபண்டுகளோடு மூணு, அஞ்சு வருஷத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்க. அடுத்த வருஷம் வரும் தங்கச்சி கல்யாணத்துக்கான பணத்தை ஸ்மால் கேப் ஃபண்டில் போட்டுட்டு ஃபண்டைத் திட்டாதீங்க. அது மேக்ஸ்வெல் கேஸ். தப்பான இடத்தில் இறக்கிட்டீங்க.

டீமுக்கு நாலு இடம். உங்களுக்கு மாசம் சம்பளத்தில் மிஞ்சும் அஞ்சாயிரமோ பத்தாயிரமோதான் இடம். பழைய விலை மேல உள்ள பாசத்தில் அதை அடைச்சு வச்சா, வெளியே காத்திருக்கிற பதிரனா உள்ளே வரவே முடியாது.

இந்த வாரக் கடைசியில் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. டீமேட்டைத் திறந்து, வாங்கின விலை இருக்கும் காலத்தைக் கையால் மறைச்சுக்கிட்டு, ஒவ்வொன்றாப் பாருங்க. யார் உள்ளே, யார் பெஞ்ச் என்று தானாத் தெரியும். அடுத்த வீடியோவில் சந்திப்போம்!